மூன்று செவ்விழைகள்

நுழையுமுன்

பல வீடுகளில் சமையலறை அலமாரியின் உட்புறத்தில் ஒரு சிறிய பெட்டி பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். அதனுள் ஒரு கிராம் அளவில் செந்நிற இழைகள் இருக்கும். பண்டிகை நாளில் பாயசத்திலோ பாலிலோ இரண்டு மூன்று இழைகள் மட்டுமே இடப்படும். அவ்விழைகளே குங்குமப்பூ எனப்படுகின்றன. உண்மையில் அவை முழுப் பூ அல்ல. பூவின் ஒரே ஓர் உறுப்பு. அது எந்த உறுப்பு, அது ஏன் இவ்வளவு அரியது, அந்தப் பூ ஏன் விதை தருவதில்லை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் பொருளும்

தமிழில் குங்குமப்பூ எனவும், இந்தியில் கேசர் எனவும், காஷ்மீரியில் கொங் எனவும் இது வழங்கப்படுகிறது. வடமொழியில் குங்குமம் என்னும் சொல் இப்பூவின் இழைகளைக் குறித்தது. நெற்றியில் இடப்படும் குங்குமம் இப்பூவிலிருந்து செய்யப்படுவதன்று. மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேரும்போது அது செந்நிறம் பெறுகிறது. அவ்வாறு செய்யப்படுவதே நெற்றிக் குங்குமம். பொருள்கள் வேறாயினும் நிறத்தின் ஒற்றுமையால் பெயர் ஒன்றாயிற்று. ரவையில் செய்யப்படும் கேசரி என்னும் இனிப்பும் கேசரின் நிறத்தால் பெயர் பெற்றதே.

கேசரம் என்னும் வடசொல்லுக்குப் பூவினுள் இருக்கும் இழை என்பது ஒரு பொருள். இந்தி வழியில் அறிவியல் பயிலும் மாணவர், பூவின் ஆண் உறுப்பைப் புங்கேசர் எனவும், பெண் உறுப்பைச் ஸ்த்ரீகேசர் எனவும் படிக்கின்றனர். தமிழில் முன்னது மகரந்தத்தாள், பின்னது சூலகம். பாலில் இடப்படும் செவ்விழை இவ்விரண்டில் எது என்பதே இப்பாடத்தின் முதல் வினா. விடையை அறியப் பூவைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

பாம்பூர் மேட்டுநிலம்

இந்தியாவில் குங்குமப்பூ மிகுதியாக விளையும் இடம் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. ஸ்ரீநகருக்குத் தெற்கே, புல்வாமா மாவட்டத்தில் உள்ள பாம்பூர் இதற்குப் பெயர் பெற்றது. ஜம்மு பகுதியில் கிஷ்த்வாரிலும் இது பயிரிடப்படுகிறது. பாம்பூர் வயல்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. அவை கரேவா எனப்படும் மேட்டுநிலங்கள். பழங்காலத்தில் அங்கிருந்த பெரிய ஏரியில் படிந்த வண்டலே இம்மேடுகளாயிற்று. நீர் தேங்காமல் வடியும் தன்மை இந்நிலத்துக்கு உண்டு. நீர் தேங்கினால் குங்குமப்பூச் செடியின் கிழங்கு அழுகிவிடும். ஆதலின் இம்மேட்டுநிலம் அதற்கு ஏற்றதாயிற்று.

கோடையில் இவ்வயல்களைக் காண்போர்க்கு வெறும் மண் மட்டுமே தெரியும். அக்டோபர் மாத நடுவில் அதே மண்ணிலிருந்து ஊதா நிறப் பூக்கள் எழுகின்றன. நவம்பர் மாத நடுவிற்குள் பூக்காலம் முடிந்துவிடுகிறது. நான்கு வாரங்களே நிலைக்கும் இக்காட்சிக்குரிய ஏற்பாடு ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் நடைபெறுகிறது.

மண்ணுக்குள் ஒரு சேமிப்பு

குங்குமப்பூச் செடியின் தாவரவியல் பெயர் குரோக்கஸ் சட்டைவஸ். இது ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரிஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வானவில் என்பது பொருள். உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட செடியினங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. மலர்க்கொத்துகளில் இடம்பெறும் கிளாடியோலஸ் இவற்றுள் நன்கு அறியப்பட்ட ஒன்று.

குங்குமப்பூச் செடிக்கு நிலத்தின்மேல் தண்டு இல்லை. அதன் தண்டு மண்ணுக்குள் பருத்து, உருண்டையாக மாறியிருக்கிறது. இத்தகைய நிலத்தடித் தண்டுக்குக் கந்தம் என்று பெயர். சேனைக்கிழங்கும் ஒரு கந்தமே. வெங்காயம் இதனின் வேறுபட்டது. வெங்காயத்தில் உணவு சேமிக்கப்படுவது சதைப்பற்றான இலைகளில். ஆகவே அதனை அடுக்கடுக்காக உரிக்கலாம். கந்தத்தில் உணவு சேமிக்கப்படுவது தண்டில். ஆகவே அதனை உரிக்க இயலாது, வெட்டினால் ஒரே திண்மமாக இருக்கும். நார் போன்ற பழுப்பு நிற உறை கந்தத்தை மூடிக் காக்கிறது.

கந்தத்தின் வாழ்க்கை ஓர் ஆண்டே. இலையுதிர்காலத்தில் அது தன் சேமிப்பைச் செலவிட்டுப் பூவையும் இலைகளையும் வெளியே அனுப்புகிறது. இலைகள் புல்லைப் போலக் குறுகியவை. ஒவ்வோர் இலையின் நடுவிலும் ஒரு வெண்கோடு ஓடும். குளிர்காலம் முழுவதும் இவ்விலைகள் சூரிய ஒளியால் உணவு தயாரித்துக் கீழே அனுப்புகின்றன. அவ்வுணவைக் கொண்டு தாய்க் கந்தத்தின்மேல் சேய்க் கந்தங்கள் தோன்றி வளர்கின்றன. தாய்க் கந்தம் சுருங்கி மறைகிறது. கோடை நெருங்கும்போது இலைகள் காய்கின்றன. சேய்க் கந்தங்கள் மண்ணுக்குள் உறங்குகின்றன. அடுத்த இலையுதிர்காலத்தில் அவையே தாய்க் கந்தங்களாகின்றன.

பூக்கத் தேவையான உணவு முழுவதும் கந்தத்திற்குள்ளேயே இருக்கிறது. அதனால், மண்ணும் நீரும் இல்லாத தட்டுகளில் அடுக்கி வைக்கப்பட்ட கந்தங்களும் ஏற்ற குளிர்ச்சியில் பூக்கின்றன. இம்முறையில் அறைகளுக்குள் குங்குமப்பூ பயிரிடும் முயற்சி இக்காலத்தில் நடைபெறுகிறது. ஆனால் பூத்தபின் கந்தங்களை மண்ணில் நட்டாக வேண்டும். இல்லையேல் சேய்க் கந்தங்கள் வளர்ந்து பெருகுவதில்லை.

மூன்றின் கணக்கு

பூவின் பகுதிகளை அறிய மாணவர் வழக்கமாகப் பிரித்துப் பார்ப்பது செம்பருத்திப் பூ. அதில் பச்சை நிறப் புல்லி இதழ்கள் வெளியே இருக்கும். செந்நிற அல்லி இதழ்கள் ஐந்து உள்ளே இருக்கும். பல மகரந்தத்தாள்கள் ஒரு குழலில் இணைந்திருக்கும். சூலகமுடி ஐந்தாகப் பிரிந்திருக்கும். ஐந்து என்னும் எண் அப்பூவில் திரும்பத் திரும்ப வருகிறது.

குங்குமப்பூவில் வரும் எண் மூன்று. ஒருவித்திலைத் தாவரங்களின் பூக்களில் பெரும்பாலும் இந்த எண்ணே காணப்படும். வெளியிலிருந்து உள்நோக்கிச் சென்றால் அதன் பகுதிகள் பின்வருமாறு அமைந்துள்ளன.

முதலாவது, பூவிதழ்கள். குங்குமப்பூவில் புல்லி, அல்லி என்ற வேறுபாடு இல்லை. எல்லா இதழ்களும் ஒரே ஊதா நிறமும் ஏறத்தாழ ஒரே வடிவமும் உடையவை. இத்தகைய இதழ்கள் பூவிதழ்கள் எனப்படும். அவை ஆறு, வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று. இதழ்களில் அடர் ஊதா நிற நரம்புகள் ஓடுகின்றன.

இரண்டாவது, மகரந்தத்தாள்கள். அவை மூன்று. ஒவ்வொன்றிலும் சிறிய மகரந்தக் கம்பியும், அதைவிட நீண்ட மஞ்சள் நிற மகரந்தப்பையும் உள்ளன. மகரந்தத்தாள்கள் மூன்றாக இருத்தல் ஐரிஸ் குடும்பத்தின் சிறப்பு அடையாளம்.

மூன்றாவது, சூலகம். பூவின் நடுவில் வெளிர்மஞ்சள் நிறமுடைய மெல்லிய சூலகத்தண்டு எழுகிறது. அதன் உச்சி மூன்று கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகள் அடர் செந்நிறம் உடையவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம் உடையது. அடியில் மெலிந்து, நுனியில் ஊதுகொம்பு போல விரிந்து, விளிம்பில் நுண்ணிய பற்களோடு காணப்படும். இவையே சூலகமுடிகள். பூ விரிந்ததும் இவை நீளம் தாங்காமல் இதழ்களுக்கிடையே சரிந்து தொங்கும்.

முதல் வினாவுக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. பாலில் இடப்படும் செவ்விழை மகரந்தத்தாள் அன்று. பெண் உறுப்பாகிய சூலகத்தின் முடி. மகரந்தத்தூளைப் பற்றிக்கொள்வது அதற்கு இயற்கை வகுத்த பணி.

காம்பன்று, குழல்

குங்குமப்பூவைப் பறிப்போர் அதன் கீழே வெண்மையும் ஊதாவும் கலந்த நீண்ட காம்பு இருப்பதாக எண்ணுவர். அது காம்பன்று. ஆறு பூவிதழ்களும் அடியில் ஒன்றாக இணைந்து நீண்ட குழலாகியிருக்கின்றன. அக்குழலே மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. குழலின் நடுவே சூலகத்தண்டு ஓடுகிறது.

அப்படியானால் பூவின் சூற்பை எங்கே? செம்பருத்தியில் சூற்பை இதழ்களுக்கு மேலே, பூவின் நடுவில் இருக்கும். குங்குமப்பூவில் அது இதழ்களுக்கும் கீழே, குழலின் அடியில் இருக்கிறது. இத்தகைய சூற்பைக்குக் கீழ்மட்டச் சூற்பை என்று பெயர். குழலின் அடி மண்ணுக்குள் இருப்பதால் சூற்பையும் மண்ணுக்குள்ளேயே, கந்தத்தை ஒட்டி இருக்கிறது. அதில் மூன்று அறைகள் உள்ளன. பூ வெளியே மலர, சூல்களோ மண்ணின் மறைவில் தங்குகின்றன. பனியும் குளிரும் மிக்க பருவத்தில் மண்ணே சூற்பைக்குப் போர்வையாகிறது.

ஒரு குடும்பம், பல அமைப்பு

ஐரிஸ் குடும்பத்துச் செடிகள் அனைத்திலும் இந்த மூன்றின் கணக்கு உண்டு. ஆயினும் அமைப்பு ஒரே வகையாக இல்லை. கிளாடியோலஸ் பூவில் மூன்று மகரந்தத்தாள்களும் ஒரே பக்கமாக வளைந்து நிற்கும். ஐரிஸ் பூவில் சூலகத்தண்டின் மூன்று கிளைகளும் இதழ் போலவே அகன்று நிறம் பெற்றிருக்கும். அவற்றின் அடியில் மகரந்தத்தாள்கள் ஒளிந்திருக்கும். அவற்றைத் தூக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும். குங்குமப்பூவிலோ எல்லாம் வெளிப்படை. கிண்ணம் போல் விரிந்த பூவுக்குள் மூன்று மஞ்சள், மூன்று சிவப்பு என எண்ணிவிடலாம்.

இழையின் நிறம், மணம், சுவை

சூலகமுடிகளில் மூன்று வேதிப்பொருள்கள் சிறப்பாக உள்ளன. குரோசின் நிறம் தருகிறது. அது நீரில் கரையும். பிக்ரோகுரோசின் சற்றுக் கசப்பான சுவை தருகிறது. சாஃப்ரனால் மணம் தருகிறது. புதிய சூலகமுடியில் இம்மணம் மிகுதியாக இராது. இழைகள் உலரும்போது பிக்ரோகுரோசின் சிதைந்து சாஃப்ரனால் உண்டாகிறது. ஆகவே பறிப்பதைப் போலவே உலர்த்துவதும் கைத்திறன் வேண்டும் பணியாகும்.

பூக்கள் அதிகாலையில், வெயில் ஏறுமுன் பறிக்கப்படுகின்றன. வீட்டில் உள்ள அனைவரும் அமர்ந்து, பூவைப் பிரித்து, செவ்விழைகளை விரலால் எடுக்கின்றனர். ஐந்து கிலோ புதிய இழைகள் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். உலர்ந்த இழை ஒரு கிலோ பெற ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். ஒரு பூவுக்கு மூன்று இழை என்றால், ஒரு கிலோவில் 4,50,000 இழைகள். அவை அனைத்தும் கையால் எடுக்கப்பட்டவை. குங்குமப்பூவின் விலைக்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

விதையில்லாப் பூ

குங்குமப்பூவில் மகரந்தத்தாள் உண்டு, சூலகமுடி உண்டு, சூற்பையும் உண்டு. தேனீக்களும் வருகின்றன. ஆயினும் இச்செடி விதை தருவதில்லை. குறை பூவின் வெளியமைப்பில் இல்லை. அதன் செல்லுக்குள் இருக்கிறது.

உயிரினங்களின் பண்புகளைத் தலைமுறைக்குத் தலைமுறை கொண்டு செல்பவை குரோமோசோம்கள். பெரும்பாலான உயிரினங்களில் அவை இரண்டு தொகுதிகளாக இருக்கும். மகரந்தத்தூளும் சூலும் உருவாகும்போது இவ்விரு தொகுதிகளும் இணையிணையாக நின்று, பின் சமமாகப் பிரியும். குங்குமப்பூவின் செல்லில் மூன்று தொகுதிகள் உள்ளன. ஒரு தொகுதிக்கு 8 வீதம் மொத்தம் 24 குரோமோசோம்கள். மூன்று பிள்ளைகளை இரண்டு வரிசைகளில் சமமாக நிறுத்த இயலாது. அதுபோல மூன்று தொகுதிகளும் இரண்டாகச் சமமாகப் பிரிய இயலாது. எனவே உருவாகும் மகரந்தத்தூள் பெரும்பாலும் குறையுடையதாகிறது. சூல்களும் விதையாவதில்லை.

சட்டைவஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு விதைக்கப்படுவது, பயிரிடப்படுவது என்று பொருள். நெல்லின் தாவரவியல் பெயரான ஒரைசா சட்டைவாவிலும் இச்சொல்லே உள்ளது. நெல் விதைக்கப்படுகிறது. குங்குமப்பூவை எவரும் விதைத்ததில்லை. விதைக்க விதையே இல்லை. மனிதர் கந்தங்களைத் தோண்டி எடுத்துப் பிரித்து நட்டதனாலேயே அது இன்றும் வாழ்கிறது.

காட்டில் வாழும் முன்னோர்

விதையில்லாத செடி தானாக எவ்வாறு தோன்றியது? இவ்வினாவுக்கு ஆய்வாளர் நெடுங்காலம் விடை தேடினர். 2019ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வுகள் ஒரு காட்டுச் செடியைச் சுட்டின. அதன் பெயர் குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ். கிரேக்க நாட்டின் ஆத்திகா பகுதியிலும் ஈஜியன் கடல் தீவுகளிலும் அது தானாக வளர்கிறது. ஏதென்ஸ் நகரம் அமைந்திருப்பது ஆத்திகாவில்தான். அப்பகுதிச் செடிகளே குங்குமப்பூவுக்கு மரபில் மிக நெருங்கியவை என அவ்வாய்வுகள் கண்டன.

இக்காட்டுச் செடியின் பூவமைப்பும் அதே கணக்கைக் கொண்டது. ஆறு பூவிதழ்கள், மூன்று மகரந்தத்தாள்கள், மூன்று செந்நிறச் சூலகமுடிகள். ஆனால் முடிகள் குங்குமப்பூவின் முடிகளைவிடக் குட்டையானவை. அதன் செல்லில் இரண்டு தொகுதிகளாக 16 குரோமோசோம்கள் உள்ளன. எனவே அது விதை தருகிறது. கருவுற்ற பின் மண்ணுக்குள் இருந்த சூற்பை வெடிகனியாக மாறுகிறது. அதன் அடியில் உள்ள உண்மையான காம்பு அப்போதுதான் நீண்டு, கனியை மண்ணுக்கு மேலே உயர்த்துகிறது. கனி வெடித்து விதைகள் சிதறுகின்றன.

கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில், எரிமலைச் சாம்பலில் புதையுண்டு கிடந்த அக்ரோத்திரி என்னும் பழைய ஊர் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்குள்ள 3,500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுவரோவியங்களில் பெண்கள் இப்பூவைப் பறிக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. நீண்ட செவ்விழையை மனிதர் விரும்பினர். அத்தகைய செடியின் கந்தங்களைப் பாதுகாத்து, ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அவ்வாறு பயணம் செய்த கந்தங்களின் வழித்தோன்றல்களே இன்றைய காஷ்மீர் வயல்களிலும் பூக்கின்றன.

எண்ணத் தெரிந்தால் ஏமாற்றம் இல்லை

பூவின் அமைப்பை அறிதல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. சில வேளைகளில் அது உயிரைக் காக்கும். குங்குமப்பூவைப் போலவே இலையுதிர்காலத்தில், ஊதா நிறத்தில், மண்ணிலிருந்து நேரே எழும் மற்றொரு பூ ஐரோப்பாவில் உண்டு. அதன் பெயர் கால்ச்சிகம். அது கடும் நச்சுச் செடி. நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்ப்போர் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவர். எண்ணிப் பார்ப்போர் பிழை செய்யார்.

மகரந்தத்தாள்கள்: குங்குமப்பூவில் 3, கால்ச்சிகத்தில் 6.
சூலகத்தண்டு: குங்குமப்பூவில் ஒன்று, உச்சியில் மூன்றாகப் பிரிவது, கால்ச்சிகத்தில் தனித்தனியாக மூன்று.
குடும்பம்: குங்குமப்பூ ஐரிஸ் குடும்பம், கால்ச்சிகம் வேறு குடும்பம்.

கால்ச்சிகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூவைத் தமிழர் நன்கறிவர். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளே அது. செங்காந்தள் பூவிலும் மகரந்தத்தாள்கள் ஆறு. கால்ச்சிகத்தில் உள்ள கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உண்டு. அளவறிந்து பிரித்தெடுக்கப்படும் கால்ச்சிசின் மருந்தாகவும் பயன்படுகிறது.

அமைப்பறிவு கடைத்தெருவிலும் உதவும். விலை மிகுந்த பொருளுக்குப் போலியும் மிகுதி. சாயமேற்றிய சோளக்கதிர் நார், குசும்பாப் பூவின் இதழ் முதலியன குங்குமப்பூ என விற்கப்படுவதுண்டு. உண்மையான இழையின் ஒரு முனை மெலிந்தும் மறுமுனை ஊதுகொம்பு போல விரிந்தும் இருக்கும். நாரில் இவ்வடிவம் இராது. உண்மையான இழையை நீரில் இட்டால் நீர் மெல்ல மெல்ல மஞ்சளாகும். இழை சிவப்பாகவே நிற்கும். சாயமேற்றிய போலியில் நிறம் உடனே கரைந்து, இழை வெளுத்துவிடும்.

கருவுற்ற பெண்கள் குங்குமப்பூப் பால் அருந்தினால் பிறக்கும் குழந்தை சிவப்பாக இருக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே உண்டு. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. தோலின் நிறம் பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களால் அமைவது. குரோசின் பாலுக்கு நிறம் தருமேயன்றிக் குழந்தைக்கு நிறம் தராது.

மனிதக் கைகளில் ஓர் உயிர்

விதையிலிருந்து முளைக்கும் செடிகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். நோயோ வறட்சியோ வரும்போது சில மடிந்தாலும் சில பிழைக்கும். குங்குமப்பூச் செடிகள் கந்தத்திலிருந்தே பெருகுவதால் மரபில் அவை ஏறக்குறைய ஒரே செடியின் படிகள். ஒன்றைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் எளிதில் தாக்கும். கந்த அழுகல் நோய் இவ்வயல்களுக்குப் பெருந்தீங்கு செய்கிறது. பூக்காலத்துக்கு முன் மழை பொய்த்தால் பூக்கள் குறைகின்றன. வயல்கள் வீட்டுமனைகளாவதும் ஒரு காரணம். 1990களில் ஏறத்தாழ 5,700 எக்டேராக இருந்த காஷ்மீரின் குங்குமப்பூப் பரப்பு, பின்னர் ஏறத்தாழ 3,700 எக்டேராகக் குறைந்தது.

இந்நிலையை மாற்ற 2010ஆம் ஆண்டு தேசியக் குங்குமப்பூ இயக்கம் தொடங்கப்பட்டது. நலமான கந்தங்களை நடுதலும் வயல்களுக்குத் தெளிப்பு நீர்ப்பாசனம் அமைத்தலும் அதன் பணிகளுள் அடங்கும். 2020ஆம் ஆண்டு காஷ்மீர்க் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அக்குறியீட்டை வழங்கும் பதிவகம் சென்னையில் உள்ளது. இதனால் வேறிடத்து இழைகளைக் காஷ்மீர் இழை என்று விற்பதைத் தடுக்க வழி பிறந்தது.

ஒரு பூ விதைக்காகச் சூலகமுடியை நீட்டுகிறது. அம்முடியின் நிறத்தையும் மணத்தையும் மனிதர் விரும்பி எடுத்துக்கொள்கின்றனர். விதை தர இயலாத அச்செடியை மனிதரே கந்தம் நட்டு வாழவைக்கின்றனர். நடும் கைகள் ஓய்ந்தால் அச்செடிக்கு அடுத்த தலைமுறையை வளர்க்க வேறு துணை இல்லை. பாலில் மிதக்கும் மூன்று செவ்விழைகளுக்குப் பின்னால் ஓர் உழவர் குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு இருக்கிறது.

சொல்லும் பொருளும்

கந்தம் – உணவு சேமித்துப் பருத்த நிலத்தடித் தண்டு
பூவிதழ் – புல்லி, அல்லி என்ற வேறுபாடு இல்லாத இதழ்
மகரந்தத்தாள் – பூவின் ஆண் உறுப்பு
சூலகம் – பூவின் பெண் உறுப்பு
சூலகமுடி – மகரந்தத்தூளைப் பெறும் சூலகத்தின் உச்சி
சூற்பை – சூல்கள் அமைந்துள்ள பை
வெடிகனி – முதிர்ந்து காய்ந்தபின் வெடித்து விதை சிதறும் கனி
போலி – உண்மை போலத் தோன்றும் பொய்ப்பொருள்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. பாலில் இடப்படும் செவ்விழை, பூவின் ______ ஆகும். (பூவிதழ் / மகரந்தப்பை / சூலகமுடி)
2. குங்குமப்பூவில் உள்ள மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை ______. (3 / 5 / 6)
3. கந்தத்திற்கு எடுத்துக்காட்டு ______. (வெங்காயம் / சேனைக்கிழங்கு / கேரட்)
4. செவ்விழைக்கு நிறம் தரும் பொருள் ______. (குரோசின் / சாஃப்ரனால் / கால்ச்சிசின்)

ஆ. பிரித்து எழுதுக.
1. செவ்விழை 2. சூற்பை 3. மேட்டுநிலம்

இ. சேர்த்து எழுதுக.
1. பூ + இதழ் 2. காம்பு + அன்று 3. ஒன்று + ஆயிற்று

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெற்றிக் குங்குமமும் குங்குமப்பூவும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. குங்குமப்பூவின் சூற்பை எங்கே அமைந்துள்ளது?
3. வெங்காயத்திற்கும் கந்தத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. குங்குமப்பூ விதை தராமைக்குக் காரணம் என்ன?
2. குங்குமப்பூவையும் கால்ச்சிகத்தையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு?

ஊ. கணக்கிடுக.
ஒரு கிலோ உலர்ந்த இழைக்கு 1,50,000 பூக்கள் தேவை எனின், ஒரு கிராம் இழைக்கு எத்தனை பூக்கள் தேவை? அதில் எத்தனை இழைகள் இருக்கும்?

எ. செயல்பாடு
உங்கள் ஊரில் கிடைக்கும் ஒரு பூவைப் பிரித்து, அதன் பகுதிகளை எண்ணுக. படம் வரைந்து பகுதிகளின் பெயர்களைத் தமிழிலும் உங்கள் மாநில மொழியிலும் எழுதுக. அப்பூவில் மூன்றின் கணக்கு உள்ளதா, ஐந்தின் கணக்கு உள்ளதா என்பதை வகுப்பில் கூறுக.